நட்சத்திரம் பார்த்துச் சேர்ந்தவன்

தம்பி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அக்கா எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பாள்.

பாடப் பதிவு தொடங்கிய காலை ஒன்பது மணிக்கு, நூற்றிருபது பேர் ஒரே பொத்தானைப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்த வேளையில், பல்கலைக்கழகத்தின் கணினி இரண்டு தடவை படுத்து எழுந்த நிலையில், நாற்பதே இடமுள்ள ஒரு வகுப்பில் பதினோராவது ஆளாக நுழைந்தான். நுழைந்த வகுப்பின் வாசலை நான்கே தடவை மிதித்து எண்பத்தாறு மதிப்பெண் எடுத்தான். ஐந்நூறு பக்கப் பாடநூலை, அட்டை என்ன நிறம் என்றுகூட அறியாமல், ஒன்பது பக்கக் குறிப்பின் மேல் ஏறித் தாண்டினான். பள்ளியில் வரலாறு என்றாலே வயிற்றுவலி வந்தவன், மூன்றரை ஆண்டில் பதினொரு வரலாற்றுப் பாடங்களை வரிசையாகச் சாய்த்தான். அதில் ஒன்றுக்காவது ஒரு முழுப் பக்கம் சொந்தமாக எழுதினானா என்றால், இல்லை. எதிர்த்து நின்ற தடைகளை எண்ணிப் பார்த்தால் இது சாதாரணக் காரியமா? ஆர்வம் குறுக்கே வந்தது, ஒதுங்கிப் போனான். அறிவு குறுக்கே வந்தது, தாண்டிப் போனான்.

அக்காவுக்கு இதில் மதிப்பெண்கள் மட்டும் தெரியும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் நிற்பவள் அவள்; பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். தைத்து வரும் சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு நாளைக்கு அறுநூறு உருப்படி பார்த்து, பார்த்ததற்கெல்லாம் தன் எண் போட்ட சின்ன வில்லையை ஒட்டி அனுப்புகிறாள். கூட நிற்பவர்கள் பிள்ளைகுட்டிக் கதை பேசினால், அவள் தம்பியின் எண்பத்தாறைப் பேசுவாள். பேசுகிற வேகத்தில் கை மட்டும் நிற்காது.

இவனை ஏதோ தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவன் ஓர் இனம். கேள்விஞானி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகம் இருக்கிற ஊரிலெல்லாம் இருப்பான். நூலகத்தின் வெளிப் படிக்கட்டில் இவனைக் காணலாம். வெளிப் படிக்கட்டில்தான். உள்ளே போனவர்கள் யாராவது இவனைப் பார்த்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்விஞானிக்குப் பருவம் பிறப்பது வகுப்புகள் தொடங்கும்போது அல்ல. அதற்கு மூன்று வாரம் முன்னால். துறை அலுவலகம் பாடப் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறது. அதில் பாடத்தின் பெயர் பெரிய எழுத்திலும் ஆசிரியரின் பெயர் சின்ன எழுத்திலும் இருக்கும். கேள்விஞானி பெரிய எழுத்தைப் படிப்பதில்லை. கண்ணைச் சுருக்கிச் சின்ன எழுத்தைப் படித்து, கைப்பேசியில் படம் எடுத்து, படிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். பிறகு தொடங்கும் விசாரணை. வருகை எடுப்பாரா? தேர்வுக்கு முன்னால் கேள்வி கசியுமா? எழுதச் சொல்லி உயிரை வாங்குவாரா? மதிப்பெண்ணில் கை தாராளமா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பாடம் முடிவாகிவிட்டது. அது எதைப் பற்றிய பாடம் என்பது ஐந்தாவது கேள்வி. அதுவரைக்கும் யாரும் வந்து சேர்ந்ததில்லை.

இப்படித்தான் தம்பி ஒரு புரட்சியைப் படித்தான்: அந்த வாத்தியார் கால் மணி நேரம் முன்னதாகவே விட்டுவிடுவார். கடல் வணிகத்தைப் படித்தான்: அந்த அறையில் ஏசி இருந்தது. ஒரு பேரரசு வீழ்ந்ததைப் படித்தான்; அது எழுந்ததைப் படிக்கவில்லை, ஏனென்றால் எழுச்சியை நடத்துகிறவர் வாராவாரம் தேர்வு வைப்பவர். அவன் கற்ற வரலாற்றில் ராஜாக்கள் செத்தார்கள், பிறக்கவே இல்லை. போர்கள் முடிந்தன, தொடங்கவில்லை. ஒரு நூற்றாண்டு முழுசாகவே காணாமல் போயிருந்தது. அதை நடத்துகிறவருக்குக் குரல் கரகர என்று இருக்குமாம்.

யார் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. "எல்லாரும் சொல்றாங்க." கேள்விஞானியின் அடிக்குறிப்பு அவ்வளவுதான்.

இந்த இனத்துக்கென்று தனி மொழி உண்டு. அதில் பெயர்ச்சொல் குறைவு, தீர்ப்பு அதிகம். "மனுஷன் தங்கம்" என்றால் அவர் வகுப்புக்கு வருவதில்லை. "ரொம்ப ஜாலியானவர்" என்றால் வருகிறார், பாடம் நடத்துவதில்லை. "பாவம், நல்லவர்" என்றால் நடத்துகிறார், யாரும் கேட்பதில்லை. "அறிவாளிதான், ஆனா..." என்று இழுத்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று பொருள். மாணவர்கள் வாத்தியார்களுக்கு நட்சத்திரம் போடுவதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒருவருக்கு நாலு புள்ளி மூன்று, இன்னொருவருக்கு நாலு புள்ளி ஒன்று என்றால், அந்தப் புள்ளி இரண்டு எப்படி வந்தது என்று படிக்கட்டில் ஒரு மணி நேரம் வாதம் நடக்கும். ஒரு நாட்டின் விடுதலைக்கு ஐம்பது ஆண்டு முன்னே பின்னே சொன்னால் குற்றமில்லை. நட்சத்திரத்தில் தசமப் புள்ளி பிசகினால் அடிதடி.

இதற்கெல்லாம் வேதவாக்கு ஒன்றும் வைத்திருக்கிறான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்பான். அவன் விசாரிப்பது முழுக்கக் காதால்தான் என்பதை மட்டும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

பட்டத்துக்குப் பன்னிரண்டு வரலாற்றுப் பாடங்கள் வேண்டும். பதினொன்று முடிந்தது. தங்கம் என்று பேரெடுத்தவர் அந்தப் பருவம் விடுப்பில் போய்விட்டார். மற்ற இளகிய மனசுக்காரர்களின் பாடங்களைத் தம்பி ஏற்கெனவே ஒன்று விடாமல் மேய்ந்து முடித்திருந்தான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாடம். 'சான்றுகளைப் படிப்பது எப்படி' என்று தலைப்பு. நடத்துகிறவர் ஒரு பெண் பேராசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் சிவப்பு மை. ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்று புள்ளி நான்கு.

இன்னொரு பக்கம், ஊரின் ஆவண அலுவலகத்தில் ஓர் உதவியாளர் வேலை காலியாகவிருந்தது. வரலாற்றுப் பட்டம் ஜூன் மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும். அந்த இடம் கடைசியாகக் காலியானது பதினான்கு ஆண்டுக்கு முன்னால் என்று அக்கா விசாரித்து வந்திருந்தாள். விசாரித்தது அந்த அலுவலகத்திலேயே, அந்த நாற்காலியிலிருந்து ஓய்வுபெறப் போகிறவரிடமே. விண்ணப்பத்தை வாங்கி, மடிப்பு விழாமல், சட்டைக்கு வைக்கிற இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே கடைசிப் பாடத்துக்குப் பேர் கொடுத்தாயிற்றா என்று கேட்டாள். வீட்டில் இருவர்தான், சமையலறை மேசைதான் அவன் படிக்கிற மேசையும். தம்பி கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல் பதில் சொன்னான்.

"இந்த வருஷம் வேணாம்க்கா. அடுத்த ஜனவரியில தங்கம் திரும்ப வந்துடுவாராம். அப்ப முடிச்சுக்கறேன்."

"ஜூன்ல பட்டம் வேணும்னு சொன்னேனே."

"அதுக்காக சிவப்பு மைகிட்ட போய்ச் சாகச் சொல்றியா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். அந்த அம்மாள் அப்படி என்ன செய்வார் என்று கேட்டாள். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். கேள்விஞானிக்குப் பிடித்த வேலை வந்துவிட்டது. அவர் சிரிக்கவே மாட்டார், விடைத்தாளில் கறுப்பு மையைவிடச் சிவப்பு மைதான் அதிகம் இருக்கும், வகுப்பில் கொட்டாவி விட்டால்கூட மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார் என்று ஒப்பித்தான். அந்த வகுப்பில் இதுவரை சேர்ந்திருப்பதே நாலு பேர். ஐந்து பேர் இல்லாவிட்டால் நாளை நாலு மணிக்கு வகுப்பையே எடுத்துவிடுவார்கள். நல்லதாகப் போயிற்று என்றான்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் சொல்றாங்க. நெருப்பில்லாம புகையுமா?"

"எங்க அயனிங் பிரிவுல நாள் முழுக்கப் புகையுது. நெருப்பே கிடையாது, வெறும் ஆவி," என்றாள் அக்கா. "எல்லாரும்னா எத்தனை பேருடா?"

இங்கே அக்காவின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செக்கிங் மேசையில் ஒரு சட்டையில் தையல் விட்டிருந்தால், அதைத் தூக்கி எறிவதோடு வேலை முடியாது. அது எந்தக் கட்டில் வந்தது, கட்டுச் சீட்டில் எந்த மெஷின் எண் இருக்கிறது, அந்த மெஷினில் அன்றைக்கு உட்கார்ந்தது யார் என்று ஒவ்வொரு கையாகப் பின்னால் போய், பிழை பிறந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் "எனக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்பார்கள். உண்மையைத்தான் சொல்வார்கள். அதனால்தான் நிற்காமல் பின்னால் போக வேண்டும்.

அன்றைக்கு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, பழைய கட்டுச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலை எடுத்தாள். யார் யார் சொன்னார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லச் சொன்னாள். தம்பி சிரித்தான். பிறகு, அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், போன வாரம்தான் சோடாபுட்டி சொன்னான் என்றான். சோடாபுட்டி இரண்டாம் ஆண்டு; கண்ணாடி தடிமனானதால் வந்த பெயர்.

"போன் போடு அவனுக்கு. எனக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடு," என்றாள் அக்கா.

சோடாபுட்டி உற்சாகமாகப் பேசினான். அந்த மேடம் வகுப்பில் கொட்டாவி விட்டால் ஆளையே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றான். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ அந்த வகுப்புல உக்காந்திருக்கியா தம்பி?"

"நானா? ஐயையோ, இல்லக்கா. எங்க விடுதி சீனியர் குட்டை சொன்னாரு."

குட்டைக்குப் போட்டார்கள். அவன் இறுதி ஆண்டு. தம்பியோடு படிக்கட்டில் உட்காருகிறவன். கொட்டாவிக்கு ஒரு மதிப்பெண் முழுசாகப் போகும் என்பது அவன் கணக்கு. வகுப்பில் உட்கார்ந்தானா? இல்லை. கேண்டீனில் ஒரு பெண் சொன்னாள். அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கி அவளுக்கும் போட்டார்கள். அவள் விடுதிச் செயலாளர், பேச்சில் பொறுப்பு இருந்தது. தான் அந்த வகுப்பில் சேர்ந்ததில்லை என்றும், எதையும் ஆதாரமில்லாமல் சொல்வதில்லை என்றும், இணையப் பக்கத்தில் படித்ததையே சொன்னதாகவும் சொன்னாள். அதில் அரை மதிப்பெண் என்றுதான் போட்டிருக்கிறது, குட்டைதான் ஒன்றாக்கிவிட்டான் என்று வருத்தப்பட்டாள்.

கவனித்தீர்களா? பின்னால் போகப் போகப் பிழை சின்னதாகிக்கொண்டே வந்தது. வெளியே அனுப்புவது ஒரு மதிப்பெண்ணாகி, ஒன்று அரையாகிவிட்டது. முன்னால் வரும்போது அதற்குக் கை முளைத்து, கால் முளைத்து, மீசையும் முளைத்திருந்தது. அக்கா சீட்டில் மூன்று பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உட்காரவில்லை' என்று எழுதினாள். அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.

அந்தப் பக்கத்தைக் காட்டு என்றாள். தம்பி காட்டினான். சிவப்பு மையின் பெயருக்குக் கீழே முப்பத்தேழு கருத்துகள், ஒன்றுக்கும் பெயர் இல்லை. அக்கா விரலால் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றையும் நிறுத்தி வாசித்து, கடைசிக்குப் போனாள். எல்லாவற்றுக்கும் அடியில், மூன்றரை ஆண்டுக்கு முன் எழுதிய முதல் கருத்து இருந்தது. ஒரு நட்சத்திரம். 'கொட்டாவி விட்டால் அரை மார்க் போகும். தும்மினால் ஒன்று.'

அக்கா அதை இரண்டாம் தடவை வாசித்தாள். மூன்றாம் தடவை வாசிக்கவில்லை.

பத்து ஆண்டுக்கு முன்னால் இதே மேசையில் அவள் ஒரு பிள்ளையை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததுண்டு. ஏழாம் வாய்ப்பாட்டில் அந்தப் பிள்ளை தடுமாறும்போதெல்லாம், இந்த அக்காவிடம் கொட்டாவி விட்டால் அரை மார்க் போகும், தும்மினால் ஒன்று போகும் என்று பக்கத்து வீடுவரை கேட்கப் புலம்பும். ஆயிரம் சட்டையை ஒரே வெட்டில் வெட்டினாலும், தையலைப் பார்த்தால் எந்தக் கை என்று தெரிந்துவிடும் என்பாள் அக்கா. அதற்குச் சீட்டே வேண்டாம்.

"இது நீ எழுதினது."

"நானா? எனக்கு ஞாபகமே இல்ல."

"உன் பேருக்கு ஒரு பக்கம் இருக்குமே அதுல. நீ எழுதினதெல்லாம் காட்டும். அமுக்கு."

அமுக்கினான். 'நீங்கள் எழுதிய கருத்துகள்: 1'.

பிறகு மெதுவாகக் கதை வந்தது. முதலாண்டு, முதல் வாரம். தங்கத்தைப் பற்றிப் படிக்கத்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தானாம். மற்றவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டுமானால் நீ முதலில் ஒரு கருத்து எழுது என்று அது கேட்டதாம். வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, எந்த வகுப்பிலும் இன்னும் உட்காரவில்லை. பெயர்ப் பட்டியலில் அகர வரிசைப்படி முதலில் நின்றது அந்த அம்மாளின் பெயர். அதை அமுக்கி, வாயில் வந்ததை எழுதி, கதவு திறந்ததும் தங்கத்தைப் பார்க்க உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான். அவரை அவன் இன்றுவரை நேரில் பார்த்ததுகூட இல்லை.

"எல்லாருமே அப்படித்தாங்க்கா எழுதுவாங்க. உள்ள போறதுக்காக."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. அக்கா கைப்பேசியில் தங்கத்தின் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்: நாலு புள்ளி ஆறு, முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். மூன்றரை ஆண்டாக இவன் பதினொரு பாடத்தையும் தன் தலையெழுத்தையும் தேர்ந்தெடுத்தது இதை நம்பித்தான். இதில் உள்ளே போவதற்காக எழுதியவர்கள் எத்தனை பேர், உட்கார்ந்து பார்த்து எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"சில பேரு உண்மையா எழுதியிருப்பாங்க," என்றான்.

"யாரு?"

அக்கா பென்சிலை எடுத்துச் சீட்டில் நாலாவதாக அவன் பெயரை எழுதி, எதிரே அதே சொல்லை எழுதினாள். நாலு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று சொன்னாயே, அதற்குக் காரணம் யார் என்று இப்போது தெரிகிறதா என்று கேட்டாள். எங்கள் மேசையில் ஒரு பிழை வெளியே போனால் வில்லையில் என் எண் இருக்கும், கூப்பிட்டுக் கேட்பார்கள், உன்னுடையதில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை, எவ்வளவு வசதியான தொழில் என்றாள். கத்திச் சொல்லவில்லை. அவள் கத்தியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். மூன்றரை ஆண்டில் அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. நூலகப் படிக்கட்டைத் தாண்டும்போது குட்டை அங்கே உட்கார்ந்து இரண்டு முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பேராசிரியரின் குணநலன்களை விளக்கிக்கொண்டிருந்தான். தம்பியைப் பார்த்ததும் கையை உயர்த்தினான். தம்பி அதைப் பார்க்காதவன்போல நடந்தான்.

துறை அலுவலகம் நீளமான அறை. ஒரு மர மேசை, அதன் பின்னால் குமாஸ்தா, அவருக்குப் பின்னால் கூரைவரைக்கும் கோப்புகள். சுவர்க் கடிகாரம் மூன்றரையைக் காட்டியது. சன்னலோரப் பெஞ்சில் குள்ளமான ஓர் அம்மாள் உட்கார்ந்து, காகிதப் பையிலிருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தன் வகுப்பு பிழைக்குமா என்று பார்க்க வந்தவர் அவர்தான் என்று குமாஸ்தா சொன்ன பிறகுதான் தெரிந்தது. சிவப்பு மை அவர்களைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். மன்னிக்கணும், காலையில் இருந்து தாள் திருத்துகிறேன் என்றார்.

தம்பி அங்கேயே ஒரு தூண் இருந்தால் அதற்குள் போயிருப்பான்.

பேரைச் சேர்க்க வந்ததாக அக்கா சொன்னாள். அந்த அம்மாள் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"என் வகுப்புல என்ன படிக்கணும்னு வர்றீங்க?"

பாருங்கள், எத்தனையோ பேரிடம் எத்தனையோ விசாரித்தவன். இந்த ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கு ஒரு பாடம் குறையுது, மேடம்."

"சரி. பொய் சொல்லல," என்றார் அவர். பிறகு வகுப்பின் நடைமுறையைச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு பக்கம். ஒரு பழைய கடிதத்தையோ மனுவையோ கொடுப்பார். இதைச் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும், நேரில் பார்த்தாரா, கேட்டதை எழுதினாரா, யாரிடம் கேட்டார் என்று பின்னால் போய்க்கொண்டே எழுத வேண்டும். போக முடியாத இடத்தில் நின்று, இதற்கு மேல் தெரியவில்லை என்று எழுத வேண்டும். சிவப்பு மை தாராளமாகப் போடுவேன், அதை மறைக்கவில்லை என்றார்.

அக்காவுக்கு ஆச்சரியமாகப் போயிற்று. இதற்கா பல்கலைக்கழகம்? செக்கிங் மேசை போதுமே.

குமாஸ்தா தாளை நீட்டினார். நாலு பெயர், நாலு கையெழுத்து, ஐந்தாவது வரி காலி. இணையத்தில் பதிவு முடிந்துபோனதால் காகிதத்தில் வாங்குகிறோம். காகிதத்தில் வாங்கினால் பழைய கையெழுத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்பது விதி என்றார். எழுந்து போய்த் தம்பியின் பதினொரு பாடங்களின் வருகைத் தாள்களை உருவி எடுத்து வந்து மேசையில் பரப்பினார். கண்ணாடியைப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார்.

தம்பியின் பெயர் பதினொரு தாளிலும் இருந்தது. பதினொன்றிலும் பதினொரு விதமாக இருந்தது. ஒன்றில் சாய்ந்திருந்தது, ஒன்றில் நிமிர்ந்திருந்தது. ஒன்றில் அடியில் கோடு, ஒன்றில் கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. ஒரு தாளில் முன்னெழுத்தே மாறியிருந்தது. வகுப்பில் தாள் சுற்றி வரும்போது, முறைவைத்து ஒருவன் மட்டும் போய் உட்கார்ந்து தங்கள் கூட்டத்தின் எட்டுப் பேருக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவது படிக்கட்டுக்காரர்களின் வழக்கம். குட்டை ஒரு பருவம், இன்னொருவன் ஒரு பருவம். தம்பியும் தன் முறைக்குப் போயிருக்கிறான். அன்றைக்கெல்லாம் மற்றவர்களுக்குப் போடுகிற மும்முரத்தில் தன்னுடையதைப் பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிட்டிருக்கிறான்.

அக்கா குனிந்து பார்த்தாள். அறுநூறு உருப்படி பார்க்கிற கண். எண்பத்தாறு, எண்பத்தொன்று, எழுபத்தொன்பது என்று மேசை மேசையாக அவள் சொல்லித் திரிந்த பாடங்களெல்லாம் அந்தத் தாள்களாக வரிசையாகக் கிடந்தன. ஒன்றிலும் அவள் தம்பி இல்லை.

"இதுல எதுப்பா உன் கையெழுத்து?" என்றார் குமாஸ்தா.

தம்பி தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். ஒரு வரலாற்று மாணவன் வாழ்க்கையில் முதன்முறையாக மூல ஆவணத்தை ஆராய்கிற காட்சி அது. கடைசியில் கடல் வணிகத் தாளில் இருந்ததைத் தொட்டான். அது அழகாக, வளைவு வளைவாக இருந்தது.

"உன்னோடதைக் காட்டச் சொன்னேன். இருக்கறதுல நல்லதைக் காட்டச் சொல்லல," என்றார் அவர்.

பெஞ்சிலிருந்த அம்மாள் பிஸ்கட் பையை மடித்தார். அக்காவின் காது சிவந்திருந்தது. இதை எழுதிவைத்தால் பதினொரு பாடமும் போய்விடும் என்று குமாஸ்தா பொதுவாகச் சன்னலைப் பார்த்துச் சொன்னார். எழுதிவைக்கப் போகிறீர்களா என்று அக்கா கேட்டாள். கேட்ட குரல் அவளுடையதுபோல இல்லை.

"வருஷத்துக்கு முப்பது பேரு இப்படி வர்றாங்கம்மா. எழுத ஆரம்பிச்சா துறையையே மூடணும்." அவர் தாள்களை அடுக்கித் தட்டினார். "ஒத்துப்போகலன்னா புதுசா மாதிரிக் கையெழுத்து வாங்கணும். விதியில அவ்வளவுதான் இருக்கு. வாங்கற மாதிரி கையெழுத்து ஏதாவது வச்சிருக்கியாப்பா?"

"என் வகுப்புல தாள் சுத்தாது," என்றார் சிவப்பு மை. "நானே பேர் சொல்லிக் கூப்பிடுவேன். வந்தா வந்தேன்னு சொல்லணும்."

ஓர் அட்டையும் பேனாவும் தம்பியின் முன்னால் வைக்கப்பட்டன. பேனாவை எடுத்தவன் உடனே போட்டுவிட்டான் என்று நினைக்கிறீர்களா? மேசைக்கு மேலாக மெல்லக் குனிந்து, குமாஸ்தாவின் காதருகே போய், தணிந்த குரலில் கேட்டான்: "சார், மேடம் மார்க்கெல்லாம் எப்படி?"

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்திரண்டு. அக்கா அவன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

போட்டான். கோணலாக, கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய் விழுகிற மாதிரி. அப்படியே தாளின் ஐந்தாவது வரியிலும் போட்டான். இரண்டும் ஒத்திருந்தன. அக்கா பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

இப்படியும் ஒருவன் இருப்பானா என்று நீங்களும் தலையை ஆட்டுகிறீர்கள். ஆட்டுங்கள். ஆனால் போன மாதம் பல் வலித்தபோது, அந்தப் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து உட்கார்ந்தவரையா விசாரித்தீர்கள், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டவரையா? எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் சரியில்லை என்று நாலு பேரிடம் சொன்னீர்களே, உங்களுக்குச் சொன்னவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாரா? அதை முதன்முதலில் சொன்னது நீங்களே அல்ல என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? அது கிடக்கட்டும். இந்தக் கட்டுரையைப் பற்றி இரண்டு பேருக்குச் சொல்ல இந்நேரம் உங்கள் நாக்கு துடித்துக்கொண்டிருக்கும். சொல்லுங்கள். ஆனால் கடைசி வரிவரை உட்கார்ந்து படித்தவர் என்ற பெயரோடு சொல்லுங்கள். அதற்கு அதிக தூரமில்லை. தம்பி தன் பெயரை முதன்முதலாகத் தானே கையெழுத்திட்டபோது அட்டையில் குமாஸ்தா குறித்த தேதிதான் அந்தக் கடைசி வரி.

19 ஜனவரி 2024, வெள்ளிக்கிழமை.